வேகம் ஒன்று, காரணம் ஈரம்

காலை எட்டு மணிக்கு மேல் என் கண்ணெதிரே ஆயிரக்கணக்கான பேர் நடக்காமலேயே போவார்கள். கையில் பையும் முகத்தில் பாதித் தூக்கமுமாக, நின்ற நிலையில், ஒரே சீராக, இடமிருந்து வலமாகப் போவார்கள். பக்கத்திலேயே இன்னொரு கூட்டம் வலமிருந்து இடமாக வரும். ஏழு மாதம் இதையே பார்த்துக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் போன பிறகும் சுவர் நகர ஆரம்பித்துவிடுகிறது. சில நாள் பல் தேய்க்கும்போது, கண்ணாடிக்குள் என் முகம் மெதுவாக வலப்பக்கம் நழுவுவதாகத் தோன்றும். சட்டென்று குழாயைப் பிடித்துக்கொள்வேன்.

இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவே பூமிக்குள் ஒரு நீளமான கூடம். ஒரு ரயிலில் இறங்கி இன்னொரு ரயிலைப் பிடிக்கிறவர்கள் இந்தக் கூடத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். அதற்காகப் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு நகரும் நடைபாதைகள் போட்டிருக்கிறார்கள். வேலை செய்கிற நாங்கள் பெல்ட் என்போம். ஒவ்வொன்றும் நூற்று இருபது மீட்டர். கூடத்தின் நடுவில், தலைக்கு மேலே, ஒரு கண்ணாடி அறை. அதுதான் என் ராஜ்ஜியம். ஒரு நாற்காலி, ஒரு மைக், ஆறு சின்னத் திரைகள், வேகத்தை மாற்ற ஒரு திருகு, எதை மாற்றினாலும் எழுதி வைக்க ஒரு பதிவேடு. அவ்வளவுதான் சொத்து.

வெளியே இருந்து பார்த்தால் அந்த அறை வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. உள்ளே நாற்பத்தாறு வயதில் ஒருத்தி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாது. கீழே போகிறவர்கள் நிமிர்ந்து மீசையைத் தடவிக்கொள்வார்கள். பல்லில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஈயென்று இளிப்பார்கள். நானும் பதிலுக்கு இளிப்பேன். காலையில் இத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பது எனக்கும் நல்லதுதானே.

எல்லோரையும் எனக்குத் தெரியும், பேர்தான் தெரியாது. நின்றபடியே தூங்கும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் உண்டு. பெல்ட் முடிவதற்கு நாலடி முன்னால் எப்படித்தான் விழிப்பாரோ, ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஒரு புருஷன் பெண்டாட்டி இருக்கிறார்கள். அவள் இரவு வேலை முடிந்து இந்தப் பக்கம் வருவாள், அவன் பகல் வேலைக்கு அந்தப் பக்கம் போவான். நடுவில் ஒருவரை ஒருவர் கடக்கிற இரண்டு விநாடியில் வீட்டுச் சாவி கை மாறும். ஒரு நாள் சாவியோடு ஒரு முத்தமும் கை மாறியது. நான் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பொய் சொல்வானேன், முழுதும் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக்கொண்டேன்.

இந்த இடத்துக்கு மாற்றலாகி வந்த இரண்டாவது வாரம், எட்டு மணி பதினேழு நிமிடத்துக்கு, அந்தக் கூட்டத்துக்குள் என் தங்கை வந்தாள்.

பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பழைய பச்சைப் பை, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக்கொள்கிற அதே பழக்கம். பெல்ட்டில் நிற்காமல் அதன் மேலேயே விறுவிறுவென்று நடந்தாள். சரியாக என் அறைக்குக் கீழே வந்தபோது நிமிர்ந்து, கண்ணாடியில் பார்த்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். அவள் பார்த்தது அவளை. ஆனால் அந்தப் பார்வை நேராக என் கண்ணுக்குள் வந்து விழுந்தது. மைக்கைத் தொட்டேன், விட்டேன். அதற்குள் அவள் கூடத்தின் கோடிக்குப் போய் மறைந்துவிட்டாள்.

என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்குத் தலை பின்னியது, பாடம் சொல்லிக்கொடுத்தது, எதை உடுத்துவது, யாரோடு பேசுவது என்று முடிவு செய்தது எல்லாம் நான்தான். அதை நான் பாசம் என்று நினைத்தேன். அவள் என்ன நினைத்தாள் என்று கேட்டதில்லை. வளர்ந்து, செயற்கைப் பல் செய்கிற ஒரு கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நுணுக்கமான கை அவளுக்கு. ஊரில் எந்தக் கிழவர் பளிச்சென்று சிரித்தாலும் அது என் தங்கை செய்ததாக இருக்கும் என்று எனக்கு ஒரு பெருமை. கப்பலில் சமையல் செய்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவர் ஆறு மாதம் கடலில், ஒரு மாதம் வீட்டில்.

மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்குக் கரு உண்டாகி, நாலாம் மாதத்தில் கலைந்துபோனது. ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் உள்ளே போனேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லத்தான் போனேன். என் வாய்க்கு என்றைக்குப் பூட்டு இருந்தது?

"இப்படி ஓடிக்கிட்டே இருந்தா அது எங்கேருந்து தங்கும்? நான் அப்பவே சொன்னேன்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "நீ போ" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு என் போனை எடுக்கவில்லை. வீடு மாறிவிட்டாள். நானும் வீம்புக்கு ஆறு மாதம் இருந்தேன். வீம்பு இறங்கியபோது எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை ராத்திரியும் பகலும் மென்றுகொண்டிருந்தேன். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

இப்போது அவளே தினமும் என் காலுக்குக் கீழே போகிறாள்.

எட்டு பதினேழுக்காகவே விடிய ஆரம்பித்தது எனக்கு. பெல்ட்டின் ஓசை ஒன்று உண்டு, யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுகிற மாதிரி. ஏழரைக்கு அது கேட்க ஆரம்பித்தால், கூடத்து விளக்குகள், நகரும் தலைகள், திரைகளின் நீல வெளிச்சம் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து, நான் விழித்திருக்கிறேனா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடும். அந்த மயக்கத்துக்கு நடுவில் பச்சைப் பை வரும். முதல் திரையில் சின்னதாக, இரண்டாவதில் கொஞ்சம் பெரிதாக, பிறகு நிஜமாகவே எனக்குக் கீழே. பிறகு நாலாவது திரை, ஐந்தாவது திரை. ஆறாவது திரையில் முதுகு மட்டும். பிறகு கூடம் பழையபடி யார் யாருடையதோ ஆகிவிடும்.

இறங்கிப் போய்ப் பேசியிருக்கலாம். பதினெட்டுப் படிகள்தான். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றேன்.

நான் இங்கே வந்த மூன்றாவது மாதம் ஒரு நாள் அவள் பெல்ட்டின் மேல் நடக்கவில்லை. வலப்பக்கம் ஒதுங்கி நின்றாள். மறுநாளும் நின்றாள். கைப்பிடியைத் தொடவே அருவருப்பாக இருக்கிறது என்பாள் சின்ன வயதில். இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து, பை தோளிலிருந்து வயிற்றுக்கு முன்னால் வந்திருந்தது. கூட்டம் இடித்தால் பைதான் முதலில் இடிபடும். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே தெரிந்துகொண்டேன். அன்று திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தன, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு என் கண் பெல்ட்டின் கோடியிலேயே இருந்தது. பெல்ட் முடிகிற இடத்தில் இரும்புப் பல் வரிசை ஒன்று தரையோடு பதிந்திருக்கும். பார்க்க அப்படியே இருப்பதால் நாங்கள் சீப்பு என்போம். ஓடுகிற தரை நிற்கிற தரையைத் தொடும் இடம் அது. பராக்குப் பார்க்கிறவர்கள் அங்கேதான் தடுக்குவார்கள். இருபது வருஷ வேலையில் எத்தனை பேர் அங்கே குப்புற விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். வயிற்றைத் தாண்டித் தன் காலைப் பார்க்க முடியாத ஒருத்தி அதை எப்படிக் கடப்பாள்?

திருகில் மூன்று எண்கள். அவசர நேரத்துக்கு மூன்று, மத்தியானத்துக்கு இரண்டு. மூன்றில் வைத்தால் இரண்டு நிமிடம் நாற்பது விநாடியில் பெல்ட் கொண்டுபோய் விட்டுவிடும். ஒன்றில் வைத்தால் நாலு நிமிடம். கூடத்தில் ஈரம் இருந்தாலோ, முடியாதவர்கள் கூட்டமாக வந்தாலோ மட்டும் ஒன்று வைக்கலாம். வைத்தால் நேரமும் காரணமும் எழுத வேண்டும்.

அவளுக்கு ஆறாம் மாதம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை எட்டு பதினாறுக்குத் திருகை மெல்ல மெல்லத் திருப்பினேன், நிற்கிறவர்களுக்குத் தெரியாதபடி. பெல்ட் பெருமூச்சு விட்டு அடங்கியது. என் தங்கை நாலு நிமிடம் மிதந்து போனாள். சீப்பை நிதானமாகக் காலை எடுத்து வைத்துக் கடந்தாள். எனக்கு ஏதோ பெரிய காரியம் சாதித்த நிம்மதி. பதிவேட்டில் எழுதினேன்: வேகம் ஒன்று, காரணம் ஈரம்.

மறுநாளும் ஈரம். அதற்கு மறுநாளும் ஈரம். மூன்றாவது வாரத்தின் முடிவில் என் சூப்பர்வைசர் பதிவேட்டைப் புரட்டினார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், கோபமே வராதவர். அதனால் அவரிடம் பொய் சொல்வது இன்னும் கஷ்டம்.

"ஊர்ல மழை பெஞ்சு ஒரு மாசம் ஆச்சுங்க. உங்க பெல்ட்டுல மட்டும் எப்படித் தினமும் எட்டு பதினாறுக்குக் கரெக்டா ஈரம் வருது?"

"பூமிக்குள்ள இருக்கோம். ஊறும்" என்றேன்.

"எட்டு இருபத்து ரெண்டுக்குக் காஞ்சிடுது போல."

"காத்து நல்லா வருது சார்."

அவர் சிரித்துக்கொண்டே நாலு உறைகளை மேசையில் வைத்தார். "புகார் பெட்டியில வந்தது. ஏன் மெதுவா ஓடுதுன்னு கேக்கிறாங்க. படிச்சுட்டு நீங்களே பதில் எழுதிடுங்க."

நான் பிரிக்கவே இல்லை. நாலு நிமிடம் நின்றால் குடியா முழுகிப் போகும்? ஒன்பது நிமிடத்துக்கு ஒரு வண்டி. ஒன்று போனால் இன்னொன்று. இந்த ஊருக்கே என்னதான் அவசரமோ என்று உறைகளை இழுப்பறைக்குள் தள்ளினேன்.

அந்த நாட்களில் ஒரு கனவு அடிக்கடி வந்தது. பெல்ட்டுக்கு முடிவே இல்லை. சீப்பும் இல்லை, சுவரும் இல்லை. இரட்டைப் பின்னலோடு சின்னப் பெண்ணாக என் தங்கை தூரத்தில் நின்று மிதந்து வருகிறாள். கிட்டே வர வர வளர்கிறாள். பின்னல் அவிழ்கிறது, பாவாடை நீள்கிறது, முகம் மாறுகிறது. எனக்கு நேராக வரும்போது நான் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல், இன்னும் மெதுவாக வரட்டும் என்று திருகைத் திருப்புகிறேன். திருகு கையோடு கழன்று வந்துவிடுகிறது. அவள் என்னைத் தாண்டிப் போய்க் கிழவியாகிறாள். விழித்தால் மத்தியானம் மூன்று மணி. வேலை முடிந்து வந்து சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் சோபாவிலேயே தூங்கியிருப்பேன்.

வேகம் ஒன்று வைத்த இருபத்து இரண்டாவது நாள். வழக்கம்போல் எட்டு பதினாறுக்குத் திருகைத் திருப்பினேன். பதினேழுக்கு முதல் திரையில் பச்சைப் பை வந்தது. பெல்ட்டின் வாய் வரைக்கும் வந்தாள். நெருக்கியடித்து நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். பிறகு பெல்ட்டை விட்டு விலகி, பக்கத்து வெறும் தரையில் நடக்க ஆரம்பித்தாள்.

நூற்று இருபது மீட்டர். ஏழு மாத வயிறு.

முதலில் வேகமாகத்தான் நடந்தாள். பெல்ட்டில் நின்றவர்களைத் தாண்டிப் போனாள். இரண்டாவது திரையில் ஒரு கை இடுப்புக்குப் போனது. எனக்குக் கீழே வந்தபோது நின்றுவிட்டாள். சுவரில் உள்ளங்கையை ஊன்றி, வாயால் மூச்சு விட்டாள். பெல்ட்டில் வாத்தியார் தூங்கிக்கொண்டே அவளைக் கடந்து போனார். அவளுக்குப் பக்கத்தில் எல்லோரும் சுகமாக, மெதுவாக, நான் வைத்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்திதான் ஓடுகிறாள்.

பிறகு சுவரிலிருந்து கையை எடுத்து மறுபடி நடந்தாள். ஓட்டமும் நடையுமாக.

நான் அந்த நிமிடம்தான் என்னைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று பேசிய அதே நான். அவள் எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பதை மூன்று வருஷம் கழித்தும் நானேதான் முடிவு செய்துகொண்டிருக்கிறேன். அன்று வாயால் செய்ததை இன்று கையால் செய்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. திருகை மூன்றுக்குக் கொண்டுபோனேன். ஆறாவது திரையில் அவள் முதுகு மறைந்துவிட்டிருந்தது.

அன்று பகல் முழுதும், வண்டியில் அவள் ஒழுங்காக ஏறியிருப்பாளா, எங்கேயாவது மயங்கி விழுந்திருப்பாளா என்று நூறு தரம் செத்துப் பிழைத்தேன். சாயங்காலம் சூப்பர்வைசரைத் தேடிப் போனேன்.

"நாளைக்குக் காலைல எட்டுலேருந்து அரை மணி நேரம் என் இடத்துல நீங்க உக்காரணும்."

"என்னங்க, பெல்ட்டுல வெள்ளமா?"

"ஈரமே இல்லை சார். ஒரு நாளும் இருந்ததில்லை. அத்தனையும் நான் பொய்யா எழுதினது. நாளைக்கு மூணுலயே ஓடட்டும். என்ன தண்டனையோ அப்புறம் குடுங்க."

அவர் கையிலிருந்த பேனாவை மூடினார். ஏன் என்று கேட்கவில்லை. "உக்கார்றேன்" என்றார்.

மறுநாள் பெல்ட்டின் வாயில் நின்றேன். மேலே இருந்து பார்த்தால் மிதக்கிற கூட்டம், கீழே நின்றால் வியர்வையும் சோப்பு வாசனையும் தோள் இடியுமாக இருந்தது. எல்லா முகமும் தெரிந்த முகம். என்னைத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. தினமும் என்னைப் பார்த்து இளிக்கிற ஒரு ஆள், "நடுவுல நிக்காதீங்கம்மா" என்று அதட்டிவிட்டுப் போனார்.

எட்டு பதினேழு. அவள் வந்தாள். பெல்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகத் தரைப் பக்கம் திரும்பினாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"பெல்ட்டுல வா. இன்னிக்கு வேகமாத்தான் போகும்."

மூன்று வருஷம் ஒத்திகை பார்த்ததில் இந்த வாக்கியம் கிடையாது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபப்படுவாளா, திரும்பிப் போய்விடுவாளா என்று தெரியவில்லை. முகத்தில் எதுவுமே இல்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"ஓட்டறது நான்தான்."

பின்னால் வந்த கூட்டம் எங்கள் இரண்டு பேரையும் பெல்ட்டுக்குள் தள்ளியது. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். சுவர் நகர ஆரம்பித்தது.

"இங்கயா வேலை பாக்கிறே?"

"அதோ மேல கண்ணாடி தெரியுதே, அதுக்குள்ள. ஏழு மாசமா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தினமும் முடியை ஒதுக்கிக்கொள்கிற இடம் என்பது அவளுக்கும் நினைவு வந்திருக்கும். கழுத்தெல்லாம் சிவந்தது.

"ஏழு மாசமா என்னைப் பாத்துக்கிட்டு இருந்தியா?"

"ஆமா."

"ஒரு நாள்கூட இறங்கி வரணும்னு தோணலையா?"

"தினமும் தோணுச்சு. பயமா இருந்தது."

"உனக்கா?" என்றாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி எவ்வளவு குறைவு என்று அதன் மேல் நின்றால்தான் தெரிகிறது. மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். "பெல்ட்டை மெதுவா ஓட்டினது நான்தான். நீ வர்ற நேரம் பாத்து. கடைசில இரும்பு இருக்கே, அதுல தடுக்கி விழுந்துடுவியோன்னு."

அவள் வாய் திறந்தபடி என்னைப் பார்த்தாள். "எட்டு இருபத்து நாலு வண்டி தினமும் என் கண்ணு முன்னால போனதே, அது உன் வேலையா? அதுக்கு முந்தின வண்டியில மூச்சு விடக்கூட இடம் இருக்காது. எனக்கு இருக்கிறதே அந்த ஒரு வண்டிதான். இதைத் தாண்டி அந்தப் படி இறங்கவே எனக்கு மூணு நிமிஷத்துக்கு மேல ஆகுது."

"அடுத்த வண்டி..."

"அடுத்த வண்டியில போனா தாமதம். மூணு தாமதத்துக்கு ஒரு நாள் லீவ் கழிப்பாங்க. பிரசவத்துக்கு அப்புறம் எடுத்துக்கலாம்னு ஒவ்வொண்ணா சேத்து வச்சிருந்தேன். பதினெட்டுத் தாமதம். ஆறு நாள் போச்சு." குரல் உடைந்தது. "என் குழந்தையோட இருக்க வேண்டிய ஆறு நாள்க்கா. புகார் பெட்டியில ரெண்டு கடிதம் போட்டேன்."

"நான் பிரிச்சே பாக்கலை."

"அதானே. நான் சொன்னதை நீ என்னிக்குக் காதுல வாங்கினே?"

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் எங்களைப் பார்க்காதது போல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். கண்ணாடி அறையின் நிழல் எங்கள் மேல் விழுந்து, நகர்ந்து, பின்னால் போனது.

அவள் முன்னால் பார்த்துக்கொண்டே, இன்னும் மெதுவான குரலில் பேசினாள். "அன்னிக்கு நீ சொன்னது இருக்கே. அதுக்காக உன் மேல கோபம்னு நினைச்சுக்கிட்டு இருக்கே, இல்ல? கோபம் எப்பவோ போச்சு. நீ சொன்னது உண்மையா இருக்குமோன்னுதான் பயம். நேத்து இங்க நடந்தேனே, ஒவ்வொரு அடிக்கும் அதுதான் கேட்டுது. ஓடாதே, ஓடினா தங்காதுன்னு. ஓடாம இருக்கவும் முடியலை."

என் மூன்று வருஷமும் அந்த இடத்தில் நின்றுவிட்டது. நான் மென்றுகொண்டிருந்ததாக நினைத்த வாக்கியத்தை இவளல்லவா சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள்.

"பொய்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள். "அது பொய்டி. டாக்டர் என்கிட்டயே சொன்னார், யாரும் எதுவும் பண்ணியிருக்க முடியாதுன்னு. தெரிஞ்சுதான் உள்ள வந்தேன். உன்னை அப்படிச் சுருண்டு கிடக்கப் பாத்ததும் எனக்கு அழத் தெரியலை. அதனால திட்டினேன். உன் மேல அன்னிக்கும் தப்பு இல்லை, இன்னிக்கும் இல்லை. நீ ஓடு, நட, உன் இஷ்டம். அப்படி ஒரு வார்த்தை சொன்ன பாவி நான். என்னை மன்னிச்சுடு."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கூடத்தின் கோடி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"எனக்கு எழுபது நாள் லீவ் சும்மா கிடக்கு. உன் வீட்டுக்காரர் கடல்ல இருப்பார். நீ சரின்னு சொன்னா நான் வந்து இருக்கேன்" என்றேன்.

"வந்து என்ன பண்ணுவே?"

குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது, எந்தப் பக்கம் படுக்கவைப்பது, எப்போது தூளியை ஆட்டுவது என்று என் வாயில் ஒரு பட்டியலே தயாராக வந்து நின்றது. அதை அப்படியே விழுங்கினேன்.

"நீ சொல்றதை" என்றேன்.

சீப்பு வந்துவிட்டது. பத்தடி, எட்டடி. மூன்றாம் வேகத்தில் அது பாய்ந்து வருவது போல் இருந்தது. என் கை என்னைக் கேட்காமலேயே அவள் முழங்கையைப் பிடிக்க நீண்டது.

"நீ பிடிக்காதேக்கா" என்றாள்.

கை அந்தரத்தில் நின்றது.

"நான் பிடிச்சுக்கிறேன்."

என் தோளில் கையை வைத்தாள். முழு பாரத்தையும் வைத்தாள். இடது காலைத் தூக்கி, சீப்பைத் தாண்டி, நிற்கிற தரையில் ஊன்றினாள். பிறகு வலது கால். தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. எட்டு இருபத்து நாலு வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. படிக்கட்டில் அவள் வைத்த வேகத்திலேயே நானும் இறங்கினேன்.